துரையின் தொட்டி இருக்கிறது. தொழிலாளியின் லயம் எங்கே?



ஊர் சுற்றிப் பார்ப்பது பணக்காரர்களுக்கு மட்டுமே எழுதி வைத்த காரியமல்ல. உழைக்கிறவனுக்கும் கண் இருக்கிறது. பார்த்ததைப் பற்றி யோசிக்க மூளையும் இருக்கிறது. கெங்குவார்பட்டியிலிருந்து நாங்கள் பதினெட்டுப் பேர் ஒரு வேனைப் பேசிக்கொண்டு மூணாறு போய் வந்தோம். பஞ்சாலையில் வேலை செய்கிறவர்கள் சிலர். களையெடுப்பதும் மாங்காய் பறிப்பதுமாகக் காலம் தள்ளுகிற விவசாயக் கூலிகள் பலர்.

காட் ரோட்டில் ஏறினால் கொடைக்கானல். மலை நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. அதை விட்டு மூணாறு எதற்கு என்று ஊரில் கேட்டார்கள். காரணம் எங்களோடு வந்த ஓர் அப்பத்தா. மூணாற்று எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே கூடையை முதுகில் மாட்டியவர். வாழ்க்கைப்பட்டு நம் பக்கம் வந்தவர். “கண்ணு மூடுறதுக்குள்ள ஒரு தடவை பாத்துட்டு வந்துருவோம்டா” என்று பேரனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பேரன் மில் தொழிலாளி. சீட்டுப் பணத்தை எடுத்து வேனுக்கு முன்பணம் கொடுத்தவர் அவர்தான்.

அங்கே கண்டதையும், காணாததையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பழைய பாதை

தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை என்று வேன் ஏறியது. இது புதுப் பாதையல்ல. நூறு வருஷங்களுக்கு முன்பு மூணாற்றுத் தேயிலை இந்தப் பக்கமாகத்தான் கீழே இறங்கிற்று.

1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியை இழுத்தவை மாடுகள். 1908-ல் அதை எடுத்துவிட்டுச் சிறு ரயில் விட்டார்கள். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகள் ரயிலில் வரும். அங்கிருந்து இரும்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு சுமார் ஐந்து கிலோமீட்டர் கீழிறங்கி, கொட்டகுடிப் பக்கம் பாட்டம் ஸ்டேஷனுக்கு வந்து சேரும். பிறகு தலைச்சுமையும் மாட்டு வண்டியும் போடி வரைக்கும். போடிக்கு ரயில் வந்தது 1928-ல்தான். அதுவரை பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாக அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனுக்கு வண்டி கட்ட வேண்டும். பிறகு தூத்துக்குடி, அங்கிருந்து கப்பல், கப்பல் போய்ச் சேர்ந்த இடம் லண்டன். நம் ஊர் ஓரத்துச் சாலையில் அந்தக் காலத்தில் புழுதி கிளப்பிய வண்டிகளில் சீமைக்குப் போகும் தேயிலையும் இருந்தது.

தேயிலை இறங்கிய வழியில்தான் மனிதர்கள் ஏறினார்கள். எப்படி ஏறினார்கள்?

சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டுவோம். 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து சுமார் 227 சதுர மைல் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். 1877 என்றால் என்ன காலம்? சென்னை மாகாணம் முழுவதும் தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த காலம். மேலே ஒருவர் கையெழுத்துப் போட்டு மலையை வாங்குகிறார். கீழே லட்சக்கணக்கான ஜனங்கள் கஞ்சிக்கு வழியின்றி மடிகிறார்கள். 1880-ல் ஷார்ப் என்ற துரை பார்வதி எஸ்டேட்டில் ஐம்பது ஏக்கரில் முதன்முதலாகத் தேயிலை வைத்தார். 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி அமைந்தது. துரைக்கு நிலம் கிடைத்துவிட்டது. காட்டை வெட்ட, வேரைப் பிடுங்க, குழி தோண்ட, கொழுந்து கிள்ளக் கைகள் வேண்டும். பஞ்சம் தின்ற கிராமங்களில் கைகளுக்குக் குறைவா?

கங்காணி வந்தான். முன்பணம் கொடுத்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் ஆணும் பெண்ணும் குழந்தையுமாகக் கூட்டிக்கொண்டு போனான். மிகப் பெரும்பாலோர் ஊரில் நிலமும் இல்லாத, மரியாதையும் இல்லாத தாழ்த்தப்பட்ட மக்கள். வாங்கிய முன்பணம் தீராமல் வேலையை விட்டுப் போனால் அது கடன் விவகாரமல்ல, குற்றம்! 1859-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அப்படி ஒரு சட்டம் செய்தது. திருவிதாங்கூர் சமஸ்தானமும் 1865-ல் அதே வழியில் போயிற்று. கம்பெனி ஒப்பந்தத்தை மீறினால் வழக்கு. கூலிக்காரன் மீறினால் ஜெயில். இதுதான் அன்றைய நியாயம்.

கண்ணாடிக்குள் வைத்த சரித்திரம்

மூணாற்றில் நல்லதண்ணி எஸ்டேட்டில் தேயிலை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 2005-ல் திறந்தார்கள். பழைய காலத்தை அழியாமல் எடுத்து, துடைத்து, செப்பனிட்டு, சீட்டு வாங்கியவர்க்குக் காட்டுகிறார்கள். ஊரே அப்படித்தான் இருக்கிறது. 1910-ல் கட்டிய கற்கோயில், மேட்டில் வெள்ளைக்காரர் கல்லறைகள், 1909-ல் துவங்கிய துரைமார் கிளப், ஓடு வேய்ந்த பங்களாக்கள். இவற்றையெல்லாம் ‘முன்னோடிகள்’ காலத்துப் பெருமை என்கிறார்கள்.

நாங்கள் அலட்சியமாகப் பார்க்கவில்லை, ஆசையோடுதான் பார்த்தோம். நல்ல பொருளை நல்ல பொருள் என்று சொல்லுவதில் தொழிலாளிக்கு என்ன தயக்கம்? 1905-ம் வருஷத்துத் தேயிலை உருட்டும் யந்திரம் அங்கே இருக்கிறது. கன்னிமலை எஸ்டேட்டில் 1920-களில் மின்சாரம் எடுக்கத் தண்ணீரில் சுழன்ற பெரிய சக்கரம் இருக்கிறது. குண்டளை ரயிலின் சக்கரம் இருக்கிறது. 1924 வெள்ளம் அந்த ரயிலையே வாரிக்கொண்டு போய்விட்டது, மிஞ்சியது இது. எங்கள் மில் தோழர்கள் அந்த யந்திரங்களை விட்டு நகரவே இல்லை. பல்லைப் பார்த்தார்கள், அச்சைப் பார்த்தார்கள். “இந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்ட ஆள் யாருன்னு எழுதியிருக்கா பாரு” என்றார் ஒருவர். பார்த்தோம். எங்கள் கண்ணில் படவில்லை.

1913-ல் செய்த சூரியக் கடிகாரம் ஒன்று கருங்கல்லின் மேல் இருக்கிறது. செய்தது நாசரேத் தொழிற்பள்ளி என்று தெரிந்தது. திருநெல்வேலிச் சீமைப் பிள்ளைகள் செய்த வேலை! அதைப் படித்ததும் எங்களுக்கு மனம் குளிர்ந்தது. பள்ளியின் பெயராவது தப்பியதே என்று பேசிக்கொண்டோம்.

பெரியகானல் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த முதுமக்கள் தாழி ஒன்றும் இருக்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அப்படியானால் அந்த மலையில் மனிதர் வாழ்ந்து, செத்து, அடக்கமாகி இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. துரைமார் வருவதற்கு வெகு காலம் முன்பே அங்கே முதுவர்கள் குடியிருந்தார்கள். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்று சொல்லிக்கொள்கிற மக்கள் அவர்கள். பின்னே, ‘முன்னோடி’ யார்? குத்தகைப் பத்திரம் எழுதியவரா?

அடுத்த அறைகளில் மரத்தாலான குளியல் தொட்டி, இரும்பு அடுப்பு, தட்டச்சு யந்திரம், கணக்குப் போடும் கருவி, 1909-ம் வருஷத்துத் தொலைபேசி. அப்பத்தா குளியல் தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பேரனைக் கூப்பிட்டுக் கேட்டார்:

“ஏண்டா, துரை குளிச்ச தொட்டியை வச்சிருக்காக. எங்க ஆத்தா எட்டுப் புள்ளை பெத்த லயத்து அறையை எங்கடா வச்சிருக்காக?”

பேரனுக்குப் பதில் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. நாங்கள் பார்த்தவரையில் லயத்து அறை ஒன்றை அங்கே காணோம். மழையில் போர்த்திய கம்பளியின் கதை, விடிகாலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்ட கணக்கு, கங்காணியின் கடன் புத்தகம், எதையும் காணோம். உழைத்தவர்களின் உருவம் படத்தில் இருக்கலாம். பெயர் இல்லை.

ஏன் காட்ட முடியவில்லை?

யோசித்துப் பார்த்தால் ஒரு காரணம் புலப்படுகிறது. குளியல் தொட்டி பழைய பொருள் ஆகிவிட்டது. அதனால் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்கலாம். லயம் பழைய பொருள் ஆகவில்லையே! வெளியே வந்தால் மலைச் சரிவில் வரிசை வரிசையாக அது நிற்கிறது. ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை. அதில் இன்றும் குடித்தனம் நடக்கிறது. சீட்டு வாங்கி வருகிறவர்கள் அதையும் பச்சைத் தேயிலைக்கு நடுவே அழகாகப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, ஆஸ்பத்திரி, குழந்தைக் காப்பகம் எல்லாம் தோட்ட முதலாளியின் பொறுப்பு என்று எழுதினார்கள். நல்ல சட்டம்தான், போராடிப் பெற்ற சட்டம்தான். ஆனால் வீடு வேலையோடு கட்டிப்போட்ட வீடு. வயதாகி வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மூன்று தலைமுறை தேயிலைக்கு உரமாகிவிட்டு, கடைசியில் ஒரு சென்ட் நிலம் தன் பெயரில் இல்லாமல் பெட்டியைக் கட்ட வேண்டும். 2005-ல் கம்பெனி கைமாறியபோது தொழிலாளர்களுக்கும் பங்குப் பத்திரம் கொடுத்தார்கள். பத்திரம் கைக்கு வந்தது. குடியிருப்பு லயமாகவே இருந்தது.

2020 ஆகஸ்ட் 6-ந் தேதி இரவு பெட்டிமுடியில் என்ன நடந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பெருமழையில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. எழுபது உயிர்கள் போயின. பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்து வேரைக் கொண்ட குடும்பங்கள். ஒரே குடும்பத்தில் பலர். குழந்தைகள் பலர். சிலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை. சேதி வெளியுலகுக்கு எட்டியது மறுநாள் காலையில்தான்.

தோழர்களே, அந்தக் கண்காட்சித் தொலைபேசியை நினைத்துப் பாருங்கள். 1909-லேயே அந்த மலையில் கம்பெனியின் காரியம் நடக்கக் கம்பி ஓடியது. நூற்றுப் பதினோரு வருஷம் கழித்து, மண்ணுக்குள் புதைந்த தொழிலாளிக்காக ஒரு குரல் கொடுக்க அதே மலையில் வழியில்லை! இந்த இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். அதைவிட உண்மையான காட்சி அறை வேறு வேண்டாம்.

நம் பக்கத்துக் கணக்கையும் எழுதுவோம்

சரித்திரத்தை முழுக்க எழுதச் சொல்லுகிறவர்கள் தங்கள் பக்கத்தை மட்டும் மறைத்துக்கொள்வது நியாயமாகாது.

தோட்டத் தொழிலாளி என்றும் கைகட்டி நின்றவனல்ல. 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தபோது பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் மலையேறி வந்து பாடினார். லயம் லயமாக ஜனங்கள் கூடினார்கள். ரோசம்மா புன்னூஸ் வென்றார். அதே 1958-ல் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் பறிபோயிற்று. அப்போது கேரளத்தில் இருந்தது கம்யூனிஸ்ட் அரசுதான். கசப்பான உண்மை. அதை எழுதாமல் விட்டால், கங்காணியின் கடன் புத்தகத்தை மறைக்கிறவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். போனசைக் குறைத்ததை எதிர்த்து, 20 சதவீதம் கேட்டு, ஒன்பது நாள் சாலையை விட்டு நகரவில்லை. ‘பெண்கள் ஒற்றுமை’ என்பது அவர்கள் வைத்துக்கொண்ட பெயர். எந்தச் சங்கத் தலைவரையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. கேட்டதை வாங்கினார்கள். அந்த வருஷமே 232 ரூபாயாக இருந்த நாள் கூலி 301 ரூபாய் ஆயிற்று. சங்கத்தை நம்பி வாழ்கிறவர்கள் நாம். சங்கம் எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் விலக்கி வைத்தது ஏன் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் குரலைக் கேட்க மறந்தோம் என்பதைத் தவிர வேறு பதில் நமக்குத் தோன்றவில்லை. இதுவும் அந்தக் காட்சியகத்தில் இருக்க வேண்டிய பாடம்.

துவேஷம் அல்ல; கணக்கு

“வெள்ளைக்காரன் பெயரைக் கேட்டாலே உங்களுக்கு ஆகாது” என்று சிலர் சொல்லக்கூடும். தப்பு. பென்னிகுக்கைக் கையெடுத்துக் கும்பிடுகிற பூமி நம் கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாறு அணை 1895-ல் முடிந்தது. அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத்தான் தின்கிறோம். 2013-ல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள், சந்தோஷமே. ஆனால் அந்த அணைக்காகக் காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கில் மாண்டார்களே கூலிக்காரர்கள், அவர்கள் பெயரை யார் சொல்லுகிறார்கள்? பென்னிகுக்கை இறக்கச் சொல்லவில்லை. கல் சுமந்தவனையும் பக்கத்தில் ஏற்றச் சொல்லுகிறோம்.

எங்களில் ஓர் இளம் தோழர், “இந்த மியூசியமே வேண்டாம், இடித்துத் தள்ளணும்” என்று கொதித்தார். அதுவும் சரியல்ல. அந்த யந்திரத்தை ஓட்டியவன் நம் பாட்டன். அதை இடித்தால் நஷ்டம் நமக்குத்தான். காட்சியகம் இருக்கட்டும், அது முழுமையாக இருக்கட்டும் என்பதே நம் அபிப்பிராயம்.

முடியாத காரியமா? அமெரிக்காவில் வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய நகரத்தை 1926 முதல் ராக்பெல்லர் பணத்தில் புதுப்பித்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த ஊர் ஜனத்தொகையில் பாதிப் பேர் கறுப்பு மக்கள். அநேகமாக எல்லோரும் அடிமைகள். ஐம்பது வருஷம் அவர்களைப் பற்றிப் பேச்சே எழாமல் ஊரைக் காட்டினார்கள். கேள்விகள் எழுந்தன, 1979 முதல் அடிமைகளின் வாழ்க்கையையும் காட்டத் துவங்கினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? இலங்கை மலையகத்தில் கம்பளைப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட்டில், லயத்து அறைகளிலேயே, தேயிலைத் தொழிலாளருக்கென்று ஓர் அருங்காட்சியகம் 2007-ல் அமைந்தது. அங்கே சட்டியும் கூடையும்தான் சரித்திரம். இங்கே ஏன் முடியாது?

நாம் கேட்பது

ஒன்று. மூணாற்றுக் காட்சியகத்தில் ஒரு லயத்து அறையை உள்ளது உள்ளபடி அமைக்க வேண்டும். எஸ்டேட்டுகளின் பழைய செக்ரோல் புத்தகங்களை வெளியே எடுத்து, வேலை செய்தவர்களின் பெயர்களை எழுதி வைக்க வேண்டும். பெட்டிமுடியில் மாண்ட எழுபது பேரின் பெயரும் அங்கே இருக்க வேண்டும்.

இரண்டு. கொட்டகுடி, குரங்கணிப் பாதையில் தமிழக அரசு ஒரு ஞாபகக் கல் நட வேண்டும். ஏறிப் போனவர்கள் நம் மாவட்டத்து வழியாகத்தான் போனார்கள்.

மூன்று. இது நம் வேலை. கெங்குவார்பட்டியிலும், போடியிலும், கம்பத்திலும், தேவாரத்திலும் எஸ்டேட்டில் உழைத்துத் திரும்பிய பாட்டன் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைச் சங்கங்கள் எழுதி வைக்க வேண்டும். இன்றும் விடியுமுன் ஜீப்பில் நெருங்கி அடித்துக்கொண்டு ஏலத் தோட்டத்துக்கு மலையேறுகிற பெண்களின் கதையையும் சேர்த்து எழுதுங்கள். அவர்கள் இன்றைய முன்னோடிகள்.

நான்கு. எல்லாவற்றிலும் பெரியது இதுதான். சரிவில் நிற்கும் லயங்களைக் காலி செய்து, பத்திரமான இடத்தில், தொழிலாளியின் சொந்தப் பெயரில் நிலமும் வீடும் கொடுக்க வேண்டும். வேலை முடிந்த மறுநாள் தெருவில் நிற்கும் நிலை ஒழிய வேண்டும்.

திரும்பும் வழியில் டாப் ஸ்டேஷனில் வேனை நிறுத்தினோம். மேகம் விலகியபோது கீழே கொட்டகுடிப் பள்ளத்தாக்கு தெரிந்தது. அதற்கப்பால் நம் சமவெளி. கயிற்றுப் பாதை ஓடிய சரிவைப் பார்த்துக்கொண்டே அப்பத்தா சொன்னார்: “எங்க அய்யாவும் ஆத்தாவும் இந்த வழியாத்தான் நடந்து வந்தாகளாம். அரிசி கயித்துல வந்துச்சாம். ஆளு நடந்து வந்துச்சாம்.”

சரக்குக்குக் கயிறு, மனிதனுக்குக் கால்நடை. அந்த மலையின் முழுச் சரித்திரமும் அந்தக் கிழவியின் ஒரு வார்த்தையில் அடங்கிவிட்டது. எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் அது இல்லை. அதை எழுதி வைக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

லயம் காட்சியகத்துக்குப் போகட்டும்! உழைக்கும் மனிதன் சொந்த வீட்டுக்குப் போகட்டும்!